செகண்டரி ஐந்தும் பதினெட்டாம் பிறந்தநாளும்

கியூபெக் மாகாணத்தில் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகளில் 17 வயதில் செகண்டரி 5ஐ எட்டியிருந்தோர் 17 வீதம் மட்டுமே. அதே வயதுள்ள ஏனைய பிள்ளைகளில் அந்த வகுப்பை எட்டியோர் ஏறத்தாழ 75 வீதம். பொது நிர்வாகக் கல்விக்கான தேசியக் கல்லூரியின் பேராசிரியர் மார்ட்டின் கொயெட் தலைமையிலான குழு, 2017இல் தொடங்கி 1,136 இளையோரைச் சந்தித்துத் திரட்டிய கணக்கு இது. செகண்டரி 5 என்பது உயர்நிலைப் பாடசாலையின் கடைசி வகுப்பு. அதை முடித்தவருக்குத்தான் டிப்ளோமா, அதன் பிறகுதான் சீஜெப் எனப்படும் கல்லூரி, அதன் பிறகுதான் பல்கலைக்கழகம். வழமையாக 16 அல்லது 17 வயதில் முடிந்துவிடும் வகுப்பு அது. பாதுகாப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதில் ஒரு வகுப்போ இரண்டு வகுப்போ பின்னால் நிற்கிறார்கள். 18 வயதானதும் பாதுகாப்பும் முடிகிறது.

பாதுகாப்பு என்று இங்கே சொல்லப்படுவதை மொன்றியல் தமிழர் 'டி.பி.ஜே' என்றே அறிவர். இளையோர் பாதுகாப்பு இயக்குநர் என்ற பதவியின் பிரெஞ்சுச் சுருக்கம் அது. 1977இல் நிறைவேறி 1979இல் நடைமுறைக்கு வந்த இளையோர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பதவியை உருவாக்கியது. பிள்ளை கைவிடப்பட்டாலோ, கவனிப்பாரின்றி விடப்பட்டாலோ, உடலாலோ மனதாலோ வதைக்கப்பட்டாலோ, பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானாலோ இயக்குநர் தலையிடலாம். வீட்டில் நடக்கும் வன்முறையைப் பிள்ளை பார்த்து வளர்வதும் 2023 முதல் தனிக் காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. மாகாணம் முழுவதிலும் ஆண்டுக்கு 1,30,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி மேலதிக விசாரணைக்கே எடுக்கப்படுவதில்லை. இயக்குநரின் கண்காணிப்புக்குள் வரும் பிள்ளைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து வாழ்கிறார்கள். மீதிப் பேர் உறவினர் வீட்டுக்கோ, பராமரிப்புக் குடும்பத்துக்கோ, குழு இல்லத்துக்கோ, மறுவாழ்வு நிலையத்துக்கோ அனுப்பப்படுகிறார்கள். பராமரிப்புக் குடும்பம் என்பது தத்தெடுத்த குடும்பம் அன்று. பிள்ளை என்றாவது திரும்பிப் போகும் என்ற எதிர்பார்ப்போடு, அரசிடம் கொடுப்பனவு பெற்று அதை வளர்க்கும் வீடு.

உதாரணமாக ரொக்ஸ்பரோவை எடுத்துக்கொள்வோம்: மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், பிரேரி ஆற்றை ஒட்டிய சிறிய குடியிருப்பு. 1914இல் தனி நகராக உருவாகி, 2002இல் மொன்றியலோடு இணைக்கப்பட்டு, 2006 முதல் பியர்ஃபோன்-ரொக்ஸ்பரோ என்ற பெயரில் நகரின் ஒரு பிரிவாக இருக்கிறது. பக்கத்திலேயே டொலார்-டெ-ஓர்மோ, மொன்றியல் முருகன் கோயில் இருப்பது அங்கேதான். இந்தப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளை பாதுகாப்பு முறைக்குள் போனால் அது எத்தனை அமைப்புகளின் கைகளில் இருக்கும் என்று பார்த்தால், கல்வி ஏன் நழுவுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

மொன்றியல் தீவில் பாதுகாப்புப் பணி மொழிவாரியாகப் பிரிந்திருக்கிறது. பிரெஞ்சு பேசும் குடும்பங்களை நகர மத்தி-தெற்குச் சுகாதார அமைப்பு பார்க்கிறது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களுக்குப் பாட்சா நிலையங்கள். 2015 முதல் அவை மேற்குத் தீவுச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்குகின்றன. தமிழ் வீடுகளில் பெற்றோருக்கு ஆங்கிலமே கைகொடுக்கும் என்பதால் கோப்பு பாட்சாவுக்குப் போவது இயல்பு. ஆனால் பிள்ளை படிப்பது பிரெஞ்சுப் பாடசாலையில். 1977இன் 101ஆம் சட்டம் குடிவரவாளரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக் கல்விக்குள் கொண்டுவந்தது. கனடாவில் ஆங்கிலத்தில் படித்த தாயோ தகப்பனோ இருந்தால்தான் பொதுவாக ஆங்கிலப் பாடசாலைக்கு உரிமை உண்டு. அந்த உரிமை தாய் தகப்பனைப் பொறுத்தது. பிள்ளையை இப்போது வைத்திருக்கும் குடும்பத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரே பிள்ளையின் வாழ்க்கையில் சமூக சேவையாளர் ஆங்கிலம், வகுப்பாசிரியை பிரெஞ்சு, பராமரிப்புக் குடும்பம் ஆங்கிலமோ வேறெதுவோ, அம்மாவோடு நடக்கும் வாரச் சந்திப்பு தமிழ் என்று நான்கு பக்கம் அமைந்துவிடலாம். வீட்டுப்பாடத்தில் ஒரு பிரெஞ்சு வினைச்சொல் தடுக்கினால் அந்த மாலை உதவ யார் இருக்கிறார்கள் என்பது கோப்பில் எழுதப்படும் விடயம் அல்ல.

சட்டத்தின் 38.1ஆம் பிரிவு, பாடசாலை வயதுப் பிள்ளை காரணமின்றி அடிக்கடி வராதிருந்தால் அதுவே பாதுகாப்புத் தேவைக்கு அடையாளமாகலாம் என்கிறது. 39ஆம் பிரிவின்படி ஆசிரியர் சந்தேகம் எழுந்த உடனே அறிவித்தாக வேண்டும். ஆக, கதவைத் திறப்பதில் பாடசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. கதவு திறந்தபின் அதே பாடசாலை பேச்சிலிருந்து இறங்கிவிடுவதுதான் வேடிக்கை. பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது முதலில் பார்ப்பது ஆபத்து இல்லாத வீடு; அடுத்தது காலியாக உள்ள கட்டில். வெள்ளிக்கிழமை பின்னேரம் கிடைக்கும் கட்டில் ரொக்ஸ்பரோவில் இருக்கலாம், வோத்ரேயில் இருக்கலாம், ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருக்கலாம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும் என்பது அதன் பிறகு தீர்மானமாகும்.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு, பாடசாலை இப்படிக் கடைசியில் தீர்மானமாவது புதிராகவே இருக்கும். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமையும் போரும் ஒருபக்கம். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை மறுபக்கம். இல்லத்துக்கு அனுப்புவதற்கே பல குடும்பங்களில் பாடசாலைதான் காரணம். பெரிய கட்டடம், வரிசையாகக் கட்டில்கள், மாலையில் எல்லோரும் ஒன்றாக இருந்து படிக்கும் மண்டபம், நடந்து போகும் தூரத்தில் ஒரே பாடசாலை. அன்பு குறைவாக இருந்திருக்கலாம், அடியும் இருந்திருக்கலாம். சிறு பிள்ளையைக் கூட்டமாக வளர்ப்பது நல்லதல்ல என்பதில் இன்று ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முதலாம் ஆண்டிலிருந்து சாதாரண தரம் வரை பாடசாலை மாறாமல் இருப்பது அங்கே சாதாரணம். கியூபெக் முறை குடும்பச் சூழலைத் தேர்ந்தெடுத்தது, அது சரியான தேர்வு. கூடவே வந்த இடமாற்றங்களின் விலைதான் இன்னும் சரியாகக் கணக்கிடப்படவில்லை.

அந்த விலையை இங்கிலாந்தில் கணக்கிட்டார்கள். ஒக்ஸ்போர்ட், பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பாதுகாப்பில் இருந்த பிள்ளைகள் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை முடிவுகளை அவர்களின் இடமாற்றப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது. 11 வயதுக்குப் பின் நடந்த ஒவ்வொரு வீடு மாற்றத்துக்கும் பெறுபேறு ஒரு தரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பரீட்சைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பாடசாலை மாறியவர்களுக்கு மொத்தத்தில் ஐந்து தரங்களுக்கு மேல் இழப்பு. வீடு மாறுவதைவிடப் பாடசாலை மாறுவது, அதிலும் கடைசி இரண்டு ஆண்டில் மாறுவது, எத்தனை கனமானது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது.  நீண்ட காலம் பராமரிப்புக் குடும்பத்தில் நிலையாக இருந்த பிள்ளைகள், சமூக சேவையின் பார்வையில் இருந்தபடியே சொந்த வீட்டில் தொடர்ந்து வாழ்ந்த பிள்ளைகளைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். அரசு பொறுப்பேற்றதால் படிப்பு கெட்டது என்ற முடிவுக்கு வருவது எளிது. பிள்ளை வரும்போதே பின்தங்கித்தான் வருகிறது என்பது உண்மைக்கு நெருக்கம். சாப்பாடு ஒழுங்கில்லாத வீட்டிலிருந்து, இரவில் சண்டை கேட்டு உறங்காத வீட்டிலிருந்து, வாசித்துக் காட்ட ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை ஆறு வயதிலேயே சொற்களில் பின்னால் இருக்கும். நிலையான வீடு அந்த இடைவெளியை மெல்லக் குறைக்கிறது; அலைச்சல் அதைப் பெருக்குகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில், எல்லாம் முற்றிய பின் வருகிற பிள்ளைக்கு அந்த மெல்லக் குறையும் காலமும் கிடைப்பதில்லை.

கியூபெக்கின் பாடத்திட்டம் இடமாற்றத்தைத் தாங்கும் விதத்தில் அமைந்ததன்று. டிப்ளோமாவுக்குச் செகண்டரி 4, 5 இரண்டிலும் சேர்த்து 54 அலகுகள் வேண்டும். அவற்றில் குறைந்தது 20 செகண்டரி 5இல் பெற்றவையாக இருக்க வேண்டும். செகண்டரி 4இன் கணிதம், விஞ்ஞானம், கியூபெக்-கனடா வரலாறு கட்டாயம். இவற்றுக்கு மாகாண அமைச்சின் பரீட்சை ஜூன் மாதத்தில் வரும். பெப்ரவரியில் இடம் மாறிய மாணவி புதிய பாடசாலையில் வேறு வரிசையில் நடத்தப்பட்ட கணிதத்தைச் சந்திப்பாள். பழைய ஆசிரியர் போட்ட தொடர்மதிப்பீடு வந்து சேரச் சில வாரமாகும். கியூபெக்கில் ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு எழுத்தும் எட்டு எண்ணும் கொண்ட நிரந்தரக் குறியீடு உண்டு. பிள்ளை எங்கே போனாலும் குறியீடு கூடவே போகும். வாசிப்பில் எங்கே தடுமாறுகிறாள், எந்த ஆசிரியையிடம் வாய் திறந்தாள், ஏன் கைகழுவும் இடத்தில் நெடுநேரம் நிற்கிறாள் என்பதெல்லாம் குறியீட்டில் இல்லை.

மறுவாழ்வு நிலையங்களில் நிலைமை வேறு. அங்கே வகுப்பறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும். நடத்துவது உள்ளூர்ப் பாடசாலை நிர்வாகம். சிறிய வகுப்பு, பொறுமையான ஆசிரியர்கள். ஆனாலும் வெவ்வேறு வயதும் வெவ்வேறு மட்டமும் ஒரே அறையில் கலந்திருக்கும். சில வாரத்துக்கு வந்தவரும் ஓராண்டு இருப்பவரும் ஒரே மேசையில். நடத்தைப் பிரச்சினை என்று முத்திரை விழுந்து சிறப்பு வகுப்புக்குள் போன பிள்ளை சாதாரணச் செகண்டரி 4 கணிதத்துக்குத் திரும்புவது அரிது. குடும்பச் சூழலில் வைக்கப்பட்டவர்களே நிலையங்களில் இருந்தவர்களைவிட அதிகமாக டிப்ளோமா பெறுகிறார்கள். இதில் இன்னொரு வினை, எதிர்பார்ப்பு. துன்பப்பட்ட பிள்ளை என்ற இரக்கத்தில் ஆசிரியர் வீட்டுப்பாடத்தைக் குறைக்கிறார், சமூக சேவையாளர் 'முதலில் மனம் ஆறட்டும்' என்கிறார், பராமரிப்புத் தாய் வற்புறுத்தத் தயங்குகிறார். எல்லோரும் நல்லெண்ணத்தோடு ஒரு படி இறங்கிவர, பிள்ளை மூன்று படி இறங்கிவிடுகிறது. புள்ளி குறைந்தால் வீட்டில் கேள்வி கேட்கும் தமிழ்ப் பெற்றோரின் பழக்கத்தைப் பல இடத்தில் குறை சொல்லலாம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்பதற்கு இது சாட்சி.

நீதிமன்றமும் பாடசாலை நாளைத் தின்னும். மொன்றியலில் இளையோர் வழக்குகள் பெல்ஷாஸ் வீதியில் உள்ள நீதிமன்றத்தில் நடக்கின்றன. ரொக்ஸ்பரோவிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் இன்னொரு நாள். முன்னிரவு உறக்கமில்லாததும் மறுநாள் மனம் பாடத்தில் படியாததும் வருகைப் பதிவில் தெரியாத இழப்புகள்.

2019 ஏப்ரலில் கிரான்பி நகரில் இயக்குநரின் கண்காணிப்பில் இருந்த ஏழு வயதுச் சிறுமி இறந்தது கியூபெக்கை உலுக்கியது. தாதியர் சங்கத்தின் முன்னாள் தலைவி ரெஜீன் லோரான் தலைமையில் சிறப்பு ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 2021 மே மாதத்தில் அறிக்கை வெளியானது. பாதுகாப்பிலிருந்து வெளியேறும் எல்லா இளையோருக்கும் 25 வயது வரை ஆதரவு தர வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2022இல் சட்டம் திருத்தப்பட்டுப் பிள்ளையின் நலனே எல்லா முடிவுக்கும் முதல் அளவுகோல் என்றானது; 18 வயதுக்கு முன்பே வெளியேறும் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பதும் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 2006இன் திருத்தம் காலக்கெடு வைத்திருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை 12 மாதம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை 18 மாதம், அதற்கு மேல் 24 மாதம். அதற்குள் வீடு திரும்புமா, இல்லை நிரந்தரமாக வேறிடத்தில் வளருமா என்று தீர்மானிக்க வேண்டும். தமிழ்ப் பெற்றோர் பலரை இந்தக் கெடு அச்சுறுத்துகிறது. இரண்டு ஆண்டு என்பது தாய் ஒருத்தி வீடு பிடித்து, வேலை தேடி, மொழி கற்று நிமிரப் போதுமான காலமா என்பது நியாயமான கேள்வி. பிள்ளையின் படிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் கெடுவின் நோக்கம் புரியும். ஆறாம் வகுப்பு இரண்டு ஆண்டு காத்திராது.

சட்டத்தில் பாடசாலை நாட்காட்டியை நினைத்து எழுதப்பட்ட பிரிவு ஒன்று உண்டு. 64ஆம் பிரிவின்படி, பராமரிப்புக் காலம் கல்வியாண்டின் நடுவில் முடிந்தால், 14 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளை சம்மதித்தால் ஆண்டு முடியும் வரை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். 14க்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரும் இயக்குநரும் சம்மதிக்க வேண்டும். 18 வயதானவரும் விரும்பினால் தொடர்ந்து தங்க இடமுண்டு. எழுத்தில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில், பிறந்தநாள் நெருங்க நெருங்கக் கொடுப்பனவு, சமூக சேவையாளர், அறை எல்லாமே தளரத் தொடங்கும். கொயெட் குழு தொடர்ந்து பார்த்த இளையோரில் மூன்றில் ஒருவர் வெளியேறிய சில ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது வீடின்றி இருந்திருக்கிறார். ஒரு வகுப்பு பின்தங்கிய மாணவனுக்கு 18ஆம் பிறந்தநாள் செகண்டரி 5இன் நடுவில் வரும். ஜூன் மாதப் பரீட்சையும் ஜூலை முதலாம் திகதி வாடகை ஒப்பந்தமும் ஒரே தலையில் இறங்கும். மொன்றியலில் வீடு மாறும் நாள் ஜூலை 1 என்பதை இங்கே வாழ்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

பலனளிக்கும் வழிகள் பெரும்பாலும் எளியவை. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் ஃபிளின் ஒன்ராறியோவில் 6 முதல் 13 வயது வரையான பராமரிப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பராமரிப்புப் பெற்றோரே வாரம் மூன்று மணி நேரம், 30 வாரம், தெளிவான பாடக் குறிப்பை வைத்து வீட்டில் ரியூசன் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி அந்தப் பிள்ளைகள் வாக்கியங்களைப் புரிந்துகொள்வதிலும் கணிதத்திலும் மற்றப் பிரிவை முந்தினார்கள். பிரத்தியேக நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. சுவீடனின் ஹெல்சிங்போரி நகரம் 2005இல் ஸ்கோல்ஃபாம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பராமரிப்புக்கு வரும் பிள்ளையை உளவியலாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் முதலில் சோதித்து, எங்கே ஓட்டை என்று கண்டு, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் எழுதி, இரண்டு ஆண்டு விடாமல் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் 2014இன் சட்டம் ஒவ்வொரு உள்ளூராட்சிக்கும் 'மெய்நிகர் அதிபர்' ஒருவரைக் கட்டாயமாக்கியது. கட்டடமில்லாத பாடசாலையின் அதிபர் அவர். அப்பகுதியில் பாதுகாப்பிலுள்ள பிள்ளைகள் எந்தப் பாடசாலையில் இருந்தாலும் அவர்களின் புள்ளிக்கும் வருகைக்கும் அவரே பொறுப்பு. கியூபெக்கில் கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் 2003இல் செய்த உடன்பாடு, இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பிள்ளைக்கான சேவைத் திட்டம் எழுத வழி செய்தது. மேசை இருக்கிறது, அதைக் கூட்டவேண்டிய ஒற்றைப் பொறுப்பாளர் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த உடன்பாட்டை அறியாத பராமரிப்புப் பெற்றோர் இருக்கக் கூடுமென்றால் அதற்கு இதுவே காரணம்.

தமிழ்ச் சமூகத்துக்குள் நடைமுறைப் பயன் உள்ள ஒன்று, உறவினர் பராமரிப்பு. சித்தியோ பெரியப்பாவோ பிள்ளைக்குப் பரிச்சயமான அயலவரோ முன்வந்தால், இயக்குநர் அவர்களை மதிப்பிட்டுப் பிள்ளையை அங்கே வைக்கலாம். 'அணுக்கக் குடும்பம்' என்ற அங்கீகாரமும் கொடுப்பனவும் உண்டு. அப்படி முன்வருபவர் பியர்ஃபோனிலோ டொலாரிலோ இருந்தால் பிள்ளை டெ சூர்ஸ் போன்ற அதே அயல் உயர்நிலைப் பாடசாலையில், அதே நண்பரோடு, அதே பேருந்தில் தொடர முடியும். தமிழும் விட்டுப்போகாது. 'டி.பி.ஜே' என்ற சொல் வீட்டுக்குள் வந்ததே அவமானம் என்று உறவினர் ஒதுங்கும்போதுதான் பிள்ளை தூரத்துக் கட்டிலுக்குப் போகிறது. பொறுப்பேற்றவர் பாடசாலையிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. பழைய பாடசாலையின் மதிப்பீடுகள் வந்தனவா, தலையீட்டுத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா, இரு துறைகளும் சேர்ந்த சேவைத் திட்டக் கூட்டம் எப்போது. பெற்றோர் உரிமை முழுதாக நீங்காதவரை சில கையெழுத்துகள் தாய் தகப்பனிடமிருந்தே வர வேண்டும் என்பதால், பாடசாலைச் சுற்றுலாக் கடிதம்கூட மேசையில் கிடந்துவிடும். இதைச் சமூக சேவையாளரோடு ஆண்டின் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பாடசாலைக்குப் பின்னான படிப்புக்குக் கட்டணம் இங்கே பெரிய தடை அன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வன்கூவர் தீவுப் பல்கலைக்கழகம் 2013இல் முன்னாள் பாதுகாப்புப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. 2017இல் மாகாணம் முழுவதற்கும் அது விரிந்தது. கியூபெக்கில் முழுநேர சீஜெப் மாகாணவாசிகளுக்கு ஏற்கெனவே கட்டணமற்றது. வாடகைதான் சிக்கல், அதற்கு முன் அந்த 54 அலகுகள்.

17 வயதில் எடுக்கப்பட்ட கணக்கு கதையின் முடிவு அன்று. 16 வயதிலிருந்து எவரும் வளர்ந்தோர் கல்வி நிலையத்தில் சேர்ந்து, தமக்கேற்ற வேகத்தில் ஒவ்வொரு பாடமாகச் செகண்டரி 5ஐ முடிக்கலாம். அங்கே பெறும் டிப்ளோமாவும் அதே டிப்ளோமாதான். பாதுகாப்பிலிருந்து வெளியேறியவர்கள் 22, 24 வயதில், பகலில் வேலை செய்துகொண்டு மாலை வகுப்புக்கு வருவது அந்த நிலையங்களில் வழமையான காட்சி. செகண்டரி 4இல் ஏதோ ஒரு பாடசாலையில், ஏதோ ஒரு ஜூன் மாதத்தில் தேறிய விஞ்ஞானம் நிரந்தரக் குறியீட்டின் கீழ் அப்படியே இருக்கும். அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை.